மீசையும் மாஸ்க்கும்

தமிழ் சினிமாவில் ஹீரோ போலீஸ் ஆனதும் செய்கிற முதல் வேலை மீசையை முறுக்கி விடுவது. நிஜத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் பந்தோபஸ்துக்கு நிற்கிறவர்களில் மீசை இல்லாத ஆண் போலீஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மீசைக்கும் அவருடைய நுரையீரலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றால் சிரிப்பு வரும். ஆனால் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சாதாரண காட்சி. கோடை வந்தால் ட்ராஃபிக் போலீஸுக்கு மோர் கொடுப்பார்கள், தொப்பி கொடுப்பார்கள். சில சமயம் மாஸ்க்கும் கொடுப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். அடுத்த வாரம் தி.நகர் பனகல் பார்க் சிக்னலில் போய்ப் பார்த்தால் அந்த மாஸ்க் கழுத்தில் தொங்கும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு விசிலை எங்கே வைத்து ஊதுவது? கொடுத்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாஸ்க் என்பது ஒரு பொருள். மூச்சுப் பாதுகாப்பு என்பது ஒரு ஏற்பாடு. முதலாவது ஒரு டெண்டரில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு முடிவே கிடையாது, வருஷா வருஷம் செய்துகொண்டே இருக்க வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தருகிற மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு வித்தியாசம்தான் இது. நம் ஊரில் முதல் வகைக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைப்பார்கள். இரண்டாவது வகைக்குக் கையெழுத்துப் போடவே ஆள் கிடைக்காது.

ட்ராஃபிக் போலீஸுக்காவது தினமும் அதே சிக்னல், அதே புகை. கலவரத் தடுப்புப் படை, கமாண்டோ, அதிரடிப்படை என்று போகிறவர்களுக்கு எந்த நாளில் எந்தக் காற்று என்பதே தெரியாது.

சென்னையில் என்ன பெரிய விஷவாயு என்று கேட்பவர்கள் 2017-ஐ மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும். ஜனவரி 23, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாள். மெரினாவிலிருந்து கூட்டத்தை அகற்ற ஆரம்பித்தது, திருவல்லிக்கேணி, நடுக்குப்பம் பக்கம் தடியடியும் கண்ணீர்ப் புகையுமாகப் போய் முடிந்தது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் வண்டிகள் எரிந்தன. கண்ணீர்ப் புகை ஒரு பக்கம், டயரும் பெட்ரோல் டேங்கும் எரிகிற கரும்புகை இன்னொரு பக்கம். கடற்காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் புகையும் போகும். அதற்குக் காக்கியும் தெரியாது, கல்லூரி ஐடி கார்டும் தெரியாது.

அதே வருஷம் மே 31 அதிகாலை, தி.நகர் உஸ்மான் ரோடு சென்னை சில்க்ஸ். கீழ்த்தளத்தில் பிடித்த தீ ஏழு மாடியையும் தின்றது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. துணி, பிளாஸ்டிக், ஃபோம் எல்லாம் சேர்ந்து எரியும் புகை அது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் சிலிண்டரோடு உள்ளே போனார்கள். வெளியே மேம்பாலத்தை மறித்து, கூட்டத்தைத் தள்ளி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை வெளியேற்றிக்கொண்டு நின்றது போலீஸ். தீயணைப்புக்காரர் உள்ளே பார்த்த புகையைவிட அது குறைவுதான். ஆனால் நேரம்? சிலிண்டர் முக்கால் மணி நேரத்துக்குள் காலியாகும், வீரர் வெளியே வந்தே ஆக வேண்டும். பந்தோபஸ்து போலீஸுக்கு அப்படி ஒரு மணி அடிக்காது.

வடக்கே எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஊரே தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது. இம்மாதிரி இரவுகளில் எதிர்த்திசையில் போக வேண்டியவர்களில் 108 ஆம்புலன்ஸும் உண்டு, போலீஸும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் என்-95 என்றால் சர்வரோக நிவாரணி என்று நம்புகிறோம். அது தூசியையும் நுண்துளிகளையும் மட்டுமே பிடிக்கும். அம்மோனியா வாயு அதற்குள் நேராக நடந்து போகும். கார்பன் மோனாக்சைடோ அதைவிட மோசம், சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கையும் மதிக்காது. காற்றில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த ஃபில்டரும் வெறும் அலங்காரம். இல்லாத ஆக்ஸிஜனை ஃபில்டர் எங்கிருந்து கொண்டுவரும்? சிலிண்டர்தான் வழி. ஆக, எந்த மாஸ்க் என்று கேட்பதற்கு முன் எந்தக் காற்று என்று கேட்க வேண்டும். அதை முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் முதல் பக்கம்.

அமெரிக்காவில் இதற்கு ஓஷா என்ற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பின் விதியே இருக்கிறது. ஆபத்தை எழுது, மாஸ்க் போடப் போகிறவருக்கு டாக்டர் பரிசோதனை செய், வருஷத்துக்கு ஒரு முறை ஃபிட் டெஸ்ட் செய், பயிற்சி கொடு, ஃபில்டரை எப்போது மாற்றுவது என்று அட்டவணை போடு, இதற்கெல்லாம் பொறுப்பாக ஒருவரை நியமி. நம் ஊரிலும் தூசி மாஸ்க்குக்கு ஐஎஸ் 9473, தேர்வுக்கும் பராமரிப்புக்கும் ஐஎஸ் 9623 என்று தர நிர்ணயங்கள் உண்டு. காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. :)

இந்தப் பட்டியலில் சுவாரசியமானது ஃபிட் டெஸ்ட். மாஸ்க் போட்டவரின் தலையைச் சுற்றி ஒரு மூடாக்கு மாட்டி, உள்ளே சாக்கரின் கரைசலைத் தெளிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் ஃபெயில். வாயு கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் என்றால் வாழைப்பழ வாசனை அடிக்கும் ஒரு திரவம். வாசனை தெரிந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். தலையை ஆட்டு, குனி, பேசு என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். சரியாகப் பொருந்திய அரைமுக மாஸ்க் வெளியே இருக்கும் விஷத்தைப் பத்தில் ஒரு பங்காகவும், முழுமுக மாஸ்க் ஐம்பதில் ஒரு பங்காகவும் குறைக்கும் என்பது கணக்கு. சிலிண்டர் கருவிக்கு அது பத்தாயிரம். பொருந்தாத மாஸ்க்குக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஃபில்டர் வழியாகக் கஷ்டப்பட்டு வருவதைவிடக் கன்னத்து இடுக்கு வழியாக வருவது அதற்குச் சௌகரியம்.

இப்போது மீசைக்கு வரலாம். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டும் இடத்தில் முடி இருக்கக் கூடாது. ஆச்சரியம் என்னவென்றால், சாதாரண மீசை பல சமயம் தப்பித்துவிடும், அது விளிம்புக்கு உள்ளேயே அடங்கிவிடுவதால். மாட்டுவது கன்னம் வரை போகும் முறுக்கு மீசையும் இறங்கிய கிருதாவும். அதைவிட மோசம், சவரம் செய்யாத ஒரு நாள் முள்தாடி. ராத்திரி ரோந்து முடித்து, வீட்டுக்குப் போகாமல், விடிகாலையில் அப்படியே கலவர பந்தோபஸ்துக்கு லாரியில் ஏற்றப்படும் கான்ஸ்டபிளின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த மாஸ்க்கைக் கொடுத்தாலும் ஓட்டை வாளிதான். அவருடைய டூட்டி சார்ட்டும் மூச்சுப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று யார் நினைக்கிறார்கள்?

தாடி விஷயம் இன்னும் நுணுக்கம். முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட் அனுமதிக்கிறது என்று 2024 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. அந்த உரிமையோடு மூச்சும் பத்திரமாக இருக்க வழி உண்டு. பேட்டரி விசிறி காற்றை வடிகட்டித் தலைக்கு மேல் தளர்வான மூடாக்குக்குள் ஊதும் கருவி. அதற்கு முகத்தில் ஒட்டவே தேவையில்லை, ஃபிட் டெஸ்டும் வேண்டாம். விலை அதிகம், எல்லா வேலைக்கும் ஆகாது. யாரை எந்தக் கருவியோடு எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்னாலேயே யோசித்தவர்களுக்குத்தான் அது பயன்படும். யோசிக்காதவர்கள் கடைசி நிமிஷத்தில் “தாடியை எடு” என்றுதான் சொல்வார்கள்.

பெண் போலீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் ஆயிரம் விளக்கில் வந்தது. 2003-லேயே பெண் கமாண்டோக்கள் வந்துவிட்டார்கள். ஆனால் மாஸ்க் அளவுகளுக்கு உலகம் ரொம்ப நாள் பயன்படுத்திய முக அளவுப் பட்டியல் 1967-68-ல் அமெரிக்க விமானப்படைக்காரர்களை அளந்து எடுத்தது. அந்த அச்சில் வார்த்த மாஸ்க் அடையாறிலிருந்து வரும் பெண் எஸ்.ஐ. முகத்தில் எப்படி உட்காரும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். “ஒரே சைஸ், 500 எண்ணம்” என்று ஆர்டர் போடும் குமாஸ்தாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கமாண்டோக்களுக்கு வேறு தலைவலிகள். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஃபில்டர் அங்கே இடிக்கும். பேச்சு பக்கத்தில் நிற்பவருக்கே புரியாது. கண்ணாடி வேர்த்து மங்கும். 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலில் என்.எஸ்.ஜி. வீரர்கள் சண்டை போட்டது தீயும் புகையும் நிறைந்த கட்டடத்தில். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு 2009-ல் சென்னைக்கும் ஒரு என்.எஸ்.ஜி. மையம் வந்தது. மாஸ்க்கை முதல் தடவையாக அப்படி ஒரு ராத்திரியில் மாட்டிப் பழக முடியாது. மே மாத வெயிலில், வேர்வையில், மாஸ்க்கோடு ஓடி, சுட்டு, மூச்சு முட்டும் பயத்தைப் பழகிக் கடந்திருக்க வேண்டும். ஐம்பது வயதில் பி.பி., சுகர் இரண்டும் உள்ள ஏட்டையாவை அப்படி ஓட விடலாமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அதனால்தான் மருத்துவப் பரிசோதனை பட்டியலில் இருக்கிறது.

“மாணவர்களை அடித்த போலீஸுக்கு மூச்சு ஒரு கேடா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2017-ஐ மறக்காதவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. நடுக்குப்பத்து வீடுகளுக்குள் போன புகைக்கு யாரும் யாருக்கும் மாஸ்க் தரவில்லை. ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். கண் எரிந்து, மூச்சு திணறி, எதிரில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவன் கையில் தடியோ துப்பாக்கியோ இருப்பது யாருக்கு ஆபத்து? எதிரில் நிற்பவருக்குத்தான். அது தவிர, கான்ஸ்டபிளும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். எந்தப் புகையில் போய் நிற்பது என்று முடிவு செய்வது அவர் இல்லை.

விளைவு உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரப் போலீஸில் 23 பேர் இறந்தார்கள். அந்த இடிபாட்டுத் தூசியால் வந்த நோய்களில் பின்னாளில் இறந்த போலீஸார் அதைப்போலப் பல மடங்கு. ஒரே வாரத்தில், சுவாசிக்கப் பாதுகாப்பான காற்றுதான் என்று அரசாங்கமே சொன்னது. மாஸ்க்குகள் வந்து குவியாமல் இல்லை. பலர் போடவில்லை, போட்டவர்களும் பேசுவதற்காகக் கழற்றினார்கள். பனகல் பார்க் சிக்னலின் அதே கதை, கொஞ்சம் பெரிய அளவில். மருத்துவச் செலவுக்கான சட்டம் கையெழுத்தாக 2011 ஜனவரி வரை ஆனது. இதற்கு நேர்மாறாக டோக்கியோவில், 1995 மார்ச் 20 சரின் தாக்குதலுக்கு இரண்டே நாளில், ஓம் ஷின்ரிக்கியோ கூடாரத்துக்குள் நுழைந்த போலீஸ் முகத்தில் கவசமும் கையில் கூண்டில் கானரிக் குருவியுமாகப் போனது. குருவி பாவம்தான். ஆனால் காற்று எப்படி என்று முதலில் பார்த்துவிட்டு நுழைந்தார்கள்.

2020 ஜூனில் மாம்பலம் காவல் நிலைய ஆய்வாளர் ஒருவர் கொரோனாவில் இறந்தபோது மொத்த நகரமும் அஞ்சலி செலுத்தியது. அந்த வருஷம் போலீஸின் மூச்சு எல்லோருக்கும் கவலையாக இருந்தது. பிறகு வழக்கம்போல மறந்துவிட்டது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு ஃபிட் டெஸ்ட் இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனிக்கு 33 மணி நேரம், ஒரு வாரத்துக்குள் முடியும். தேவை ஒரு அறை, ஒரு மூடாக்கு, சாக்கரின் கரைசல், இரண்டு மூன்று சைஸ் மாஸ்க், பொறுமையான ஒரு ஆள். முதலில் கலவரத் தடுப்புப் படையில் ஒரு கம்பெனி, கமாண்டோவில் ஒரு பிரிவு என்று ஆரம்பிக்கலாம். யார் யாருக்கு இனித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த டெண்டரில் எந்த சைஸில் எத்தனை வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும். அந்த வாரம் மட்டும் நைட் டூட்டி போட வேண்டாம், காலையில் சவரம் செய்ய நேரம் வேண்டும். மீசையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்தால் போதும்.