பட்டறையிலிருந்து பட்டத்துக்கு

பெருமாட்டியில் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கையில் தூக்குப்போசியுடன் நம் பையன்கள் பாதிப் பேர் கஞ்சிக்கோட்டுக்கும், மறு பாதி மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சி, கோவைப் பட்டறைகளுக்கும் போகிறார்கள். லேத் ஓட்டுகிறார்கள், வார்ப்படம் ஊற்றுகிறார்கள், பம்ப்செட் பூட்டுகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே லேத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் தொழில் பழகிய பிள்ளை, பட்டம் ஒன்று கையிலிருப்பதால், அவர்களுக்கே அதிகாரியாகிறான். அவன் மேல் நமக்குக் கோபமில்லை. தொழில் தெரிந்தவனுக்குப் பட்டம் ஏன் எட்டவில்லை என்பதே நம் கேள்வி.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1974-ல் ஸ்டுட்கார்ட்டிலும் மான்ஹைமிலும் தொடங்கிய கல்விக் கூடங்களில் மாணவன் சில மாதம் ஆலையிலும் சில மாதம் வகுப்பிலும் மாறி மாறிப் பயில்கிறான், கூலியும் உண்டு. பிரிட்டனில் 2015 முதல், அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் பெறலாம். படிப்புக் கட்டணம் அவன் தலையில் விழாது.

கோவைக்கும் இது புதிதல்ல. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-ல் தொழிற்கூடம் தொடங்கியது. பின்னர், 1951-ல், பொறியியல் கல்லூரி வந்தது. அங்கே பட்டறையும் வகுப்பும் கலந்த ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பி.இ. படிப்பு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிளஸ் டூ மார்க்கும், ஐந்து வருஷம் மகன் கூலியில்லாமல் தாங்கக்கூடிய குடும்பமும் வேண்டுமே! நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது முடியும்?

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு முன்பு வேறொரு கதவு திறந்திருந்தது. 1920-ல் நிறுவப்பட்ட இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வுதான் அது. ஷிப்டு முடிந்து, இரவில் விளக்கடியில் படித்து அதை எழுதித் தேறி இன்ஜினீயர் ஆனவர்கள் உண்டு. 2013 மே 31-க்குப் பின் பதிவு செய்தவர்களுக்கு அந்தத் தேர்வைப் பி.இ.க்குச் சமமாக மத்திய அரசு ஏற்கவில்லை. ஏழைக்குத் திறந்திருந்த கதவை மூடியவர்கள் அந்த இடத்தில் இன்னொன்றைத் திறந்துவிட்டல்லவா மூடியிருக்க வேண்டும்?

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுந்தார்கள். "ஒரு வருஷம் அப்ரண்டிஸ், கையில் பி.இ." என்கிறார்கள். நம்பாதீர்கள். அப்ரண்டிஸ் முடித்தால் கிடைப்பது பயிற்சிச் சான்றிதழ், பட்டமல்ல. தபால் வழி இன்ஜினீயரிங் என்று 2001 முதல் 2005 வரை சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களின் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் நிறுத்தி வைத்து, மறுதேர்வு எழுதச் சொன்னது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் இதை நினையுங்கள்.

நேர்வழி நீண்டதுதான். இரண்டு வருஷ ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ், பிறகு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. நமக்குக் கொடும்பு பாலிடெக்னிக் பக்கம். டிப்ளமோவுக்குப் பின் வேலையில் இருந்தபடியே மாலை நேர பி.இ. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. ஆகியவை டிப்ளமோ படித்த தொழிலாளருக்குப் பகுதி நேர வகுப்பு நடத்தி வந்திருக்கின்றன. 2023-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, வேலையில் இருப்போருக்கென்றே வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் கோவையில் இரவு வகுப்பு முடித்து பெருமாட்டிக்குத் திரும்ப பஸ் ஏது? பெண் பிள்ளை என்றால் வீட்டில் அனுப்பவே மாட்டார்கள். பாலக்காட்டில் 1960 முதல் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2015-ல் ஐ.ஐ.டி.யும் வந்துவிட்டது. கஞ்சிக்கோட்டுத் தொழிலாளிக்கு அங்கே மாலை வகுப்பு கேட்பது பேராசையா?

அப்ரண்டிஸ் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பழகுநர் 'தொழிலாளி' அல்ல, பயிற்சி பெறுபவர். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆள் குறைவான இடத்திலெல்லாம் பழகுநரை நிறுத்தி வேலை வாங்கும் முதலாளிகள் உண்டு. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் பதினோரு மாதம் பெட்டி தூக்கிவிட்டு வந்தான். மெஷினைத் தொடவிடவில்லை. அவனிடம் ஒப்பந்த நகலும் இல்லை. ஆனால் அதே சட்டம்தான் ஒப்பந்தம் பதிவாக வேண்டும் என்கிறது. பயிற்சி அதிகாரியின் அனுமதியின்றி ஓவர்டைம் கூடாது, வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும், ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் எரவாளர் குடியிருப்புகளுக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்? ஸ்டைபண்டும் தர்மப் பணமல்ல. டிப்ளமோ பழகுநருக்கு 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் குறையக்கூடாது என்று 2019-லேயே விதி செய்தார்கள். பயிற்சி முடிந்தால் வேலை உறுதியா என்றால், இல்லை. 2014 திருத்தம் அதை அவரவர் நிறுவனத்தின் கொள்கைக்கே விட்டுவிட்டது. இதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

பிளாச்சிமடையில் நம் தண்ணீரை உறிஞ்சிய கோலா ஆலையை எதிர்த்து 2002-ல் உட்கார்ந்த ஊர் இது. 2004-ல் ஆலை நின்றது. தீமை செய்யும் ஆலையை நிறுத்தத் தெரிந்த நமக்கு, நல்ல ஆலைக்குள் நம் பிள்ளை கூலியாக மட்டும் நுழைவதேன் என்று கேட்கவும் தெரியும்.

பாலக்காட்டில் டிப்ளமோ தொழிலாளருக்கு மாலை நேரப் பட்ட வகுப்பும், சித்தூர் தாலுகாவில் அப்ரண்டிஸ் அறிவிப்பும் ஒப்பந்தமும் தமிழிலும் வேண்டும் என்று அரசுக்கு மனு கொடுக்கிறோம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தந்திருக்கிறது; மனுவும் தமிழில்தான் போகிறது. கையெழுத்திட ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். வரும்போது மகனோ மகளோ வாங்கி வந்த ஒப்பந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறோம்.