தளர்வு கேட்டது போதும், உலர்த்தி கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி வந்தால் டெல்டாவில் ஒரு சடங்கு. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனையும், முளைவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பார்கள். தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். 2022 அக்டோபரில் 19 வரை கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் 20 வரை. 2025-இல் 22 கேட்டோம், கைவிரித்துவிட்டார்கள்.

கொடுத்திருந்தால் மட்டும் நெல் காய்ந்திருக்குமா? ஈரம் ஈரமாகவே குடோனுக்குப் போய், அடுக்கில் சூடேறிப் பழுப்பாகும். அந்த அரிசியை ரேஷனில் வாங்கி நாமே திட்டுவோம்.

"காயவைத்துக் கொண்டு வரட்டும்" என்கிறார்கள் சிலர். எங்கே காயவைப்பது? அந்தக் காலத்தில் கதிர் அறுத்து, அரியாகக் கிடந்து, கட்டுக் கட்டிக் களத்துக்கு வருவதற்குள் பாதி ஈரம் போய்விடும். இப்போது மெஷின் அறுத்த நெல் அன்றைக்கே டிராக்டரில் ஏறுகிறது. மிச்சம் இருப்பது தார்ச்சாலைதான். ராத்திரி அதில் பைக்கில் போய்ப் பாருங்கள், தெரியும்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவனைக் குளிர்காலத்தில் சூடாக்க 'ஹீட் பம்ப்' வைக்கிறார்கள். நம் வீட்டு ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது மாதிரிதான். வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இறைக்கிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் பூஜ்யத்தை நெருங்கினால் மட்டும் வெளிச்சுருளில் உறைபனி படிந்து திணறும். நம் ஐப்பசி ராத்திரிக்கு அந்தக் கவலையே கிடையாது.

நெல்லுக்கு வைத்தால் இன்னொரு லாபம். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராய் வடிந்துவிடும். அந்தக் காற்றையே சூடாக்கி நெல்லுக்குள் விடலாம். அடைமழையிலும் ஓடும். 45, 50 டிகிரி மிதமான சூடு என்பதால் அரைக்கும்போது நொய் குறையும்.

கணக்குப் போடுவோம், வாத்தியார் புத்தி போகாது. ஒரு டன் நெல்லை 22-லிருந்து 17-க்கு இறக்க 60 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். யூனிட்டுக்கு 2 கிலோ தண்ணீர் என்று வைத்தால் 30 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 300 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 12 ரூபாய்! அந்த மூட்டையின் விலை 2025-இல் ஆயிரம் ரூபாய்.

மெஷின் விலை தனி, மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை வந்தால் 2,400 லிட்டர் தண்ணீரை எடுக்க வேண்டும், சின்ன மெஷினால் ஆகாது, மும்முனை மின்சாரம் இரவெல்லாம் வேண்டும். இதுவும் நியாயமான கேள்வி. அதனால்தான் டிரெய்லரில் ஏற்றுங்கள் என்கிறேன். எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் அறுவடை நடப்பதில்லை. அறுவடை மெஷின் ஊர் ஊராகப் போகிறதே, உலர்த்தி போகாதா?

தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம். நுகர்பொருள் வாணிபக் கழகமும் அவர்களும் உட்கார்ந்து பேசி, அடுத்த குறுவைக்கு முன் நான்கு நிலையங்களிலாவது சோதித்துப் பார்க்கட்டும். செலவு யார் தலையில் என்று இழுத்தடிக்க வேண்டாம். 12 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றால் எந்த விவசாயியும் மறுக்கமாட்டார்.