சரக்கைப் பார்க்கும் கண், ஆஸ்பத்திரியில் மூடிக்கொள்வதேன்?

புளி மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? பிரித்துக் கைவிட்டுப் பார்க்கிறோம். ஈரம் இருக்கிறதா, கொட்டை எவ்வளவு, மண் கலந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகே தராசில் ஏற்றுகிறோம். புதிய பார்ட்டி கடனுக்குச் சரக்கு கேட்டால் அவர் ஊரில் நாலு கடையிலாவது விசாரிக்கிறோம். ஆனால் நம் வயிற்றைக் கிழிக்கப்போகிறவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பாலக்கோடு பக்கம் நம் மளிகை நண்பர் ஒருவர். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. "எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, நான் சொன்னால் குறைத்துக்கொள்வார்கள்" என்று ஒருவர் வெளியூருக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று நண்பர் யோசிக்கவில்லை. தினமும் கமிஷன் வியாபாரத்திலேயே இருக்கும் நமக்கு இது தோன்றாதது வேடிக்கைதான். ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வீக்கம். "யார் ஆபரேஷன் செய்தது?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. ரசீதில் ஆஸ்பத்திரியின் பெயர் மட்டுமே இருந்தது.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் காட்ட வேண்டும். நம் கடையில் லைசென்ஸ் மாட்டி வைப்பது போலத்தான். அந்த எண்ணும் பெயரும் தெரிந்தால் போதும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். வீட்டுப் பையனிடம் கொடுத்தால் செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவான். எம்.பி.பி.எஸ். மட்டுமா, அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்பு உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வழக்கு விவரம். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அது வியாபாரிகளை மிரட்ட வந்த சட்டம் என்று நம்மில் பலர் முணுமுணுத்தோம். 1995 நவம்பரில், வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தெரிந்த வக்கீலிடம் டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். பல வழக்குகள் ஆஸ்பத்திரி பெயரில்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கு இருப்பதாலேயே ஒருவர் கெட்ட டாக்டர் ஆகிவிட மாட்டார். நம் கடையில் உணவு அதிகாரி மாதிரி எடுத்துப் போனதற்காக நாம் கலப்படக்காரர் ஆகிவிடுவோமா? கடினமான கேஸ்களைத் துணிந்து எடுப்பவருக்குப் புகாரும் கூடத்தான் வரும். நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் மீது குற்ற வழக்குப் போட முடியாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே வழக்கு எத்தனை என்பதை விட, தீர்ப்பு என்ன, ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

கையெழுத்து விஷயம் இன்னொன்று. கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாத நாம், ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் நீட்டும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். டெல்லியில் ஒரு பெண்மணி பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பாயிற்று. படிவத்தில் எந்த ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

விபத்து, மாரடைப்பு என்றால் இதற்கெல்லாம் நேரமில்லை. அருகில் உள்ள இடத்துக்கு ஓட வேண்டியதுதான். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு நேரம் இருக்கிறது.

நம் நண்பர் இந்த முறை பழைய ஆஸ்பத்திரியில் தம் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டார். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 2002 விதியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி யோசனை கேட்டார். "இந்த ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? மறுபடி வந்தது எத்தனை பேருக்கு?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாராம். டாக்டர் கோபிக்கவில்லை, உட்காரச் சொல்லி, படம் போட்டு விளக்கியிருக்கிறார். இப்போது நண்பர் கடை திறந்துவிட்டார். மூட்டை இறக்க ஆள் வைத்திருக்கிறார்.