பழி ஓரிடம், பாவம் ஓரிடம் – பேக்கப் மெயில் சர்வர் கதை

அனுப்பாத மின்னஞ்சல் ஒன்று "இந்த முகவரியில் யாரும் இல்லை" என்று திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? ஒன்று வந்தால் குழப்பம். நூறு வந்தால் தலைவலி. 2003 ஆகஸ்டில் சோபிக்.எஃப் வைரஸ் பரவியபோது பலருக்கும் இதுதான் நடந்தது. கணினியில் அகப்பட்ட யாரோ ஒருவரின் முகவரியை அனுப்புநர் என்று போட்டு அது அஞ்சல் அனுப்பியது. திரும்பிய கடிதங்கள் ஒன்றுமறியாத அந்த மனிதரின் பெட்டியில் விழுந்தன. இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர்.

இதில் பேக்கப் சர்வருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு டொமைனுக்கு இரண்டு எம்.எக்ஸ் பதிவுகள் இருந்தால், குறைந்த எண் உள்ளது முதன்மை, கூடிய எண் உள்ளது பேக்கப். முதன்மை படுத்துவிட்டால், ஊருக்குப் போனவரின் தபாலைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைப்பது போல பேக்கப் வாங்கி வைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பல பேக்கப் சர்வர்களுக்குத் தெரியாது. எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஸ்பேம் அனுப்புபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, முதன்மை நன்றாக ஓடும்போதே பேக்கப்பின் கதவைத் தட்டுகிறார்கள். பிறகு முதன்மை "550, அப்படி யாரும் இல்லை" என்று மறுக்கும். வாங்கிய பொறுப்புக்காக பேக்கப் ஒரு கடிதம் எழுதி, போலி அனுப்புநருக்கு அனுப்பிவிடும்.

சரி, என்ன வழி? வாசலிலேயே மறுப்பதுதான். போஸ்ட்ஃபிக்ஸில் பேக்கப்புக்குச் சரியான முகவரிகளின் பட்டியலைக் கொடுத்துவிடலாம். பட்டியல் இல்லையென்றால், முதன்மையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும் வசதியும் உண்டு. முதன்மை படுத்திருந்து கேட்க முடியாவிட்டால் "450, பிறகு வா" என்று சொல்லிவிடும். முதன்மையில் உள்ள அதே ஸ்பேம் வடிகட்டி பேக்கப்பிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

திரும்பும் கடிதங்களைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது தவறு. வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் முகவரியில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், கடிதம் போய்ச் சேர்ந்தது என்றே நம்பிக் காத்திருப்பார். வாசலில் மறுத்தால் அவருடைய சர்வரே அவருக்குத் தகவல் சொல்லிவிடும். ஸ்பேம் அனுப்பும் நிரலோ அடுத்த முகவரிக்குப் போய்விடும். அப்பாவி யாருக்கும் கடிதம் போகாது.

இவ்வளவும் செய்ய முடியாத சிறு நிறுவனங்கள் பேக்கப்பே வைக்காமல் இருப்பது நல்லது. 2008இல் வந்த ஆர்.எஃப்.சி 5321, அனுப்பும் சர்வர் பொதுவாகக் குறைந்தது 4-5 நாட்களாவது விடாமல் முயல வேண்டும் என்கிறது. முதன்மை சில மணி நேரம் படுத்தால் கடிதம் தாமதமாகும், தொலைந்துபோகாது. ஆனால் கண்டவருக்கெல்லாம் கடிதம் அனுப்பும் பேக்கப் கறுப்புப் பட்டியலில் ஏறினால், அதிலிருந்து போகும் நல்ல அஞ்சலும் மறுக்கப்படும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத காவலாளியைவிடப் பூட்டிய கதவு மேல்!