பென் டிரைவுக்கும் அனுமதி வேண்டும்

ஏ.டி.எம். இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பணப் பெட்டகம் இருப்பது அனைவரும் அறிந்ததே. அதன் மேற்பகுதியில் ஒரு கணினி இருப்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பெரும்பாலும் அது விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கும் கணினிதான். 2018 ஜூன் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, ஏ.டி.எம். நடத்தும் அனைவருக்கும் சில கட்டளைகளை இட்டது. இயந்திரத்தின் யுஎஸ்பி வாயில்களை முடக்க வேண்டும். செருகியவுடன் தானாக இயங்கும் 'ஆட்டோரன்' வசதியை நிறுத்த வேண்டும். இவற்றை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும்.

இந்த அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. 2010 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த பாதுகாப்பு மாநாடு ஒன்றில், பார்னபி ஜாக் என்ற ஆய்வாளர் ஓர் ஏ.டி.எம். இயந்திரத்தின் மேல் மூடியைத் திறந்து, யுஎஸ்பி வழியாகத் தம் நிரலை ஏற்றி, இயந்திரம் பணத்தாள்களை வெளியே கொட்டும்படி செய்து காட்டினார். பெட்டகத்தை உடைக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

வங்கி அலுவலர் என்ற முறையில் நான் கேட்க விரும்புவது இதுதான்: தெருமுனை ஏ.டி.எம்.முக்கு வேண்டும் என்று கருதப்பட்ட இந்தக் காவல், அதே வங்கிக் கணக்கை இணைய வங்கிச் சேவை வழியாகத் திறக்கும் நம் வீட்டு மேசைக் கணினிக்கு வேண்டாமா?

பெங்களூரில் ஒரு பென் டிரைவ் எத்தனை கைகள் மாறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தை அச்சிட ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறது. கணக்கு வழக்குகளைச் சுமந்து தணிக்கையாளரிடம் செல்கிறது. பிள்ளைகளின் செய்முறைப் பாடத்திற்காகப் பள்ளிக்கும், திருமணப் படங்களுக்காக ஸ்டுடியோவுக்கும் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அது வேறொரு கணினியில் செருகப்படுகிறது. மாலையில் வீடு திரும்பியதும், நாம் மின் கட்டணம் செலுத்தும் அதே கணினியில் செருகப்படுகிறது. அக்கணினி எவ்விதக் கேள்வியும் இன்றி அதனை வரவேற்கிறது.

இந்த வரவேற்பில் மூன்று படிகள் உள்ளன. வெளியிலிருந்து வந்த வட்டைக் கணினி அடையாளம் கண்டு தன்னுடன் இணைத்துக்கொள்வது முதற்படி. அதிலுள்ள கோப்புகளைத் திரையில் விரித்துக் காட்டுவது இரண்டாம் படி. அதிலுள்ள ஒரு நிரலை இயக்குவது மூன்றாம் படி. மூன்றையும் கணினி தானாகவே செய்ய முடியும். மூன்றையும் நம் அனுமதிக்குக் காத்திருக்கச் செய்யவும் முடியும்.

மூன்றாம் படியின் தீங்கை உலகம் 2008ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது. அப்போது பரவத் தொடங்கிய 'கான்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரலின் ஒரு வகை, பென் டிரைவைச் செருகியதும் தோன்றும் பெட்டியில் கோப்புறைப் படத்துடன் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது. கோப்புகளைக் காணலாம் என்று எண்ணி அதனைச் சொடுக்கியவர்கள், உண்மையில் நச்சுநிரலையே இயக்கினார்கள். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட விண்டோஸ் 7 இயங்குதளத்தில் பென் டிரைவுகளுக்கான ஆட்டோரன் வசதியை நீக்கியது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் அந்த மாற்றத்தை அனுப்பியது.

அத்துடன் ஆபத்து நீங்கிவிட்டதா என்றால், இல்லை. 2010இல் கண்டறியப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', விண்டோஸில் இருந்த ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தியது. பென் டிரைவிலுள்ள கோப்புறை திரையில் விரிந்தாலே அதற்குப் போதும். எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஈரானின் நட்டான்ஸ் அணுநிலையத்தைக் குறிவைத்த அந்த நச்சுநிரலால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது. அந்தக் குறைபாடு அதே ஆண்டு ஆகஸ்டில் சரிசெய்யப்பட்டது. எனினும், இரண்டாம் படியையும் கணினியின் விருப்பத்திற்கு விடலாகாது என்ற பாடம் மட்டும் இன்றும் பொருந்துகிறது.

"என் கணினியில் ஆன்டிவைரஸ் உள்ளதே" என்று சிலர் கூறலாம். அது நல்ல காவலாளி. ஆனால் கோப்புகள் திரையில் விரிவதற்கு முன் அதற்குச் சோதிக்க அவகாசம் தருவது நம் கடமை. "ஒவ்வொரு முறையும் நானே திறக்க வேண்டுமா? சிரமமாயிற்றே" என்று கூறுவோரும் உண்டு. அந்தச் சிரமம் இரண்டு சொடுக்குகள் மட்டுமே. காசோலையில் கையொப்பமிடுவதும் சிரமந்தான். அதற்காக அதனைக் கைவிடுவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து 'ஆட்டோப்ளே' என்று தேடுங்கள். அங்குள்ள பொத்தானை அணைத்துவிடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் வட்டுகளைத் தானாக இணைப்பதற்கும் தானாகத் திறப்பதற்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன, இரண்டையும் நிறுத்தலாம். புதிய வட்டுகளைத் தானாக இணைப்பதைத் தடுக்கும் கட்டளை விண்டோஸிலும் உண்டு. அதனைக் கணினி நுட்பம் அறிந்தவரின் துணையுடன் செய்வதே நன்று. ஆட்டோப்ளேயை அணைப்பதால் விசைப்பலகையோ, அச்சுப்பொறியோ, வணிகர்கள் வரித் தாக்கலுக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ செயலிழக்காது.

காப்புப் பிரதிக்காக வெளி வன்தட்டு வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் நச்சுநிரல், கணினியுடன் அப்போது இணைந்திருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். எப்போதும் இணைந்தே இருக்கும் காப்புப் பிரதி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது போகலாம். பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டும் இணைத்து, முறைப்படி விடுவித்து, அலமாரியில் வையுங்கள்.

இந்த அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பென் டிரைவின் உள்நிரலையே மாற்றி, அது தன்னை ஒரு விசைப்பலகை என்று கணினியிடம் அறிவிக்கச் செய்யலாம் என்பதை 2014இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நிரூபித்தனர். அத்தகைய கருவியை ஆட்டோப்ளே அமைப்பு தடுக்காது. ஆகவே, கண்டெடுத்த பென் டிரைவையும், யார் தந்தது என்று தெரியாததையும் செருகாமல் இருப்பதே ஒரே வழி.

2016 ஜூன் 2 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட இணையப் பாதுகாப்புச் சட்டகம், குறிப்பிட்ட பணிக்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் தனி அனுமதி பெற்றாலன்றி, வங்கிச் சூழலில் பென் டிரைவ் போன்றவற்றை அனுமதிக்கலாகாது என்கிறது. மறுப்பே பொது விதி, அனுமதி விதிவிலக்கு. கடைகளில் விற்கப்படும் கணினிகளோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறான அமைப்புடன் வருகின்றன. எஸ்.பி. ரோடு கடைகளில் கணினி விற்போரும், வீட்டிற்கு வந்து அதனை நிறுவித் தருவோரும், ஒப்படைக்கும் முன்பே இந்த அமைப்பை அணைத்துத் தருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வாங்குவோரும் அதனைக் கேட்டுப் பெற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், கணக்கில் நீங்கள் அறியாத பற்று ஏதேனும் தோன்றினால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணத்தை மீட்கும் வாய்ப்பு தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைகிறது.