ஓட்டுநர் உரிமம்: தேர்வையும் சந்தையிடம் விடுவதா?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துகளால் 1,68,491 பேர் மாண்டதாக ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இறந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரு பிரிவினரே. வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் சென்ற சாதாரண மக்கள்தான் இவர்களில் பெரும்பகுதி. எனவே, வாகனம் ஓட்டத் தகுதியுள்ளவர் யார் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி உழைக்கும் மக்களின் உயிரோடு தொடர்புடையது.

சட்டப்படி உரிமம் பெறும் வழி எளிதானதாகவே தோன்றும். முதலில் சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றிய தேர்வை எழுதிப் பழகுநர் உரிமம் பெற வேண்டும். அது ஆறு மாதங்களுக்குச் செல்லும். குறைந்தது 30 நாட்கள் பழகிய பிறகு, மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு வகை வாகனத்திற்குப் பழகுநர் உரிமத்திற்கு 150 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமத்திற்கு 200 ரூபாய் என்று ஒன்றிய விதிகள் கட்டணம் நிர்ணயித்துள்ளன. ஆனால், இந்தத் தொகையோடு உரிமம் பெற்று வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அலுவலக வாசலில் இடைத்தரகர் நிற்கிறார். பயிற்சிப் பள்ளியின் ‘மொத்தத் தொகை’யில் அவருடைய பங்கும் அடங்கியிருக்கிறது. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டால் தேர்வு முடிந்தது. இரவு ஓட்டம், மழைச்சாலை, சாலையைக் கடக்கும் முதியவர் ஆகிய எதுவும் அந்தத் தேர்வில் இடம்பெறுவதில்லை.

இந்தச் சீர்கேட்டைக் களைய மோடி அரசு கண்ட வழி என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின் தொடர்ச்சியாக, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளை 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய மையத்தில் பயிற்சியை முடித்து, அங்கேயே நடக்கும் தேர்விலும் தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இலகுரக வாகனத்திற்கு 29 மணி நேரப் பயிற்சி, சிமுலேட்டர், தனித் தேர்வுத் தடம் ஆகியவை கட்டாயம். பயிற்சியின் தரத்தைப் பொறுத்தவரை இவை வரவேற்கத்தக்கவை. மறுப்பு அதில் இல்லை.

மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாணவரிடம் கட்டணம் வாங்குபவரே அவர் தேர்ந்தார் என்று சான்றும் அளிக்கிறார். தோல்வியடையும் ஒவ்வொரு மாணவரும் மையத்தின் பெயருக்கு இழுக்கு. எளிதில் தேர்ச்சி தரும் மையத்தை நோக்கியே அடுத்த மாணவர் செல்வார். லாபத்திற்காக இயங்கும் நிறுவனத்திடம் மதிப்பெண் போடும் பேனாவையும் கொடுத்தால், அரசு அலுவலகத்தின் வாசலில் நடந்த பேரம் குளிரூட்டிய அறைக்குள் இடம் மாறும், ஒழியாது. ஊழல் இருக்கிறது என்பதற்காக அரசே தேர்வைக் கைகழுவுவது, மருத்துவமனையில் மருந்து இல்லை என்று மருத்துவமனையையே விற்பதற்கு ஒப்பாகும்.

இதில் இன்னொரு அடியும் விழுகிறது. கனரக வாகனப் பயிற்சிக்கான மையத்திற்குச் சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும் என்கிறது விதி. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துப் பிழைக்கும் சிறு பயிற்சிப் பள்ளிக்காரர் இரண்டு ஏக்கருக்கு எங்கே போவார்? நிலமும் மூலதனமும் உள்ளவர்கள் கைக்கே இத்துறை போய்ச் சேரும். அவர்கள் நிர்ணயிப்பதே கட்டணமாகும்.

அந்தக் கட்டணத்தைச் செலுத்தப்போகிறவர் யார்? ஹரியானாவின் மேவாத் பகுதியைப் பார்த்தால் விடை தெரியும். லாரி ஓட்டுவதையே வாழ்வாதாரமாகக் கொண்ட ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை அப்பகுதி இளைஞர்களைத் தடுக்கிறது என்று ஹரியானா அரசு முறையிட்டதை அடுத்து, 2019இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று ஒன்றிய அமைச்சகமே அப்போது கூறியது. ஆனால், கல்வித் தடை அகன்ற இடத்தில் பணத் தடை நிற்கிறது. போக்குவரத்து வாகன உரிமத்திற்கு முதலில் இலகுரக உரிமத்துடன் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தின் இளைஞர் கடன் வாங்கித்தான் அந்தச் சான்றிதழைப் பெற முடியும். இல்லையேல் கிளீனராகவே காலம் தள்ளி, உரிமையாளர் சொல்லும்போது உரிமமின்றி ஸ்டியரிங்கைப் பிடிக்க நேரும்.

அப்படிப் பிடிபட்டால் தண்டனை மட்டும் தயாராக இருக்கிறது. உரிமமின்றி ஓட்டுவதற்கு 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. விபத்து நடந்து தகவல் தராமல் சென்றால் பத்தாண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சம்ஹிதையில் பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகே அதை நடைமுறைப்படுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. அதேவேளையில், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வரம்பு நெடுஞ்சாலைகளில் ஏட்டளவிலேயே இருந்தது. தூக்கமின்றி ஓட்ட வைத்த முதலாளியைக் கேள்வி கேட்காத அரசு, கண்ணயர்ந்த ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்குகிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024இல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. கழகத்திடம் பேருந்துகளும் இடமும் அனுபவமுள்ள ஓட்டுநர்களும் ஏற்கெனவே இருக்கின்றனர். அதே ஆண்டு அங்கு ஓட்டுநர் தேர்வு முறையைக் கடுமையாக்கியபோது பயிற்சிப் பள்ளித் துறையினர் போராடினர். பேச்சுவார்த்தைக்குப் பின் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. தேர்வு கடுமையாக இருப்பது மக்களின் பாதுகாப்பு. அதை நம்பிப் பிழைப்போரின் வாழ்வைப் பாதுகாப்பது அரசின் கடமை. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாமல், உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியும்.

ஆகவே, இடதுசாரி இயக்கமும் போக்குவரத்துத் தொழிற்சங்கங்களும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. தகுதித் தேர்வு அரசிடமே இருக்க வேண்டும். அது வெளிப்படையாகவும், காணொளிப் பதிவுடனும், மெய்யான சாலையிலும் நடக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் வாகன ஆய்வாளர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் ஏழை இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் உதவித்தொகையுடன் இலவச ஓட்டுநர் பயிற்சி அளிக்க வேண்டும். சிறு பயிற்சிப் பள்ளிகள் கூட்டுறவாக இணைந்து பொதுத் தடங்களைப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும். எட்டு மணி நேர வேலை வரம்பைச் சாலையில் நிலைநாட்ட வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் என்பது, இவர் கையில் நம் பிள்ளைகளின் உயிர் பத்திரமாக இருக்கும் என்று மக்களுக்கு அரசு எழுதித் தரும் உறுதிமொழி. அந்த உறுதிமொழியில் கையொப்பமிடும் பொறுப்பைக் குத்தகைக்கு விட எந்த அரசுக்கும் உரிமை இல்லை.