பால் ஊற்றுபவர் படிக்கட்டும்

பால் கணக்கு காட்டும் மொபைல் செயலி ஒன்று, தமிழும் மலையாளமும் புழங்கும் பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கணக்கின் நியாயம் பால் ஊற்றுபவருக்குத் தெரியும், புரோகிராமருக்குத் தெரியாது. இருவருக்கும் புரியும்படி சோதனைகளை எழுத 2008ல் வந்தது குக்கும்பர் மென்பொருள். அது தமிழையும் ஏற்கிறது: ‘கொடுக்கப்பட்ட காலைப் பால் 5 லிட்டர், எப்போது மாலையில் 4 லிட்டர் சேர்கிறதோ, அப்பொழுது மொத்தம் 9 லிட்டர்.’ தமிழ் இடறுகிறது, விஷயம் புரிகிறது.

வரிக்கு வரி புரோகிராமர் கட்டளை எழுதி இணைத்தால், ஆப்பியம் என்ற கருவி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் மனிதரைப் போலவே பொத்தான்களை அழுத்திச் சரிபார்க்கும். செயலி தவறினால் சொல்லிவிடும். வாக்கியமே தவறென்றால்? கருவிக்குத் தெரியாது. அதைப் பிடிக்கக்கூடியவர் பால் ஊற்றுபவர் மட்டுமே.